தெருமுனை கிளினிக்கில் எழும் கேள்விகள்

நோயாளி முதன்முதலில் வந்து நிற்கும் இடத்தில் எழும் கேள்விகளுக்கு அந்த இடத்திலேயே விடை தேடுவதுதான் முதல்நிலை மருத்துவ ஆய்வு. மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய சந்தில் இரண்டே அறையில் நடக்கும் கிளினிக், தி.நகரில் மாநகராட்சி நடத்தும் ஆரம்ப சுகாதார நிலையம், அடையாற்றின் தொண்டு மருத்துவமனை, சில வேளைகளில் நோயாளியின் வீட்டு வாசல் என இந்த ஆய்வின் கூடங்கள் எளிமையானவை. நுண்ணோக்கியைவிட நோட்டுப் புத்தகமும், ஸ்கேன் கருவியைவிட அளவு நாடாவும் இங்கே அதிகம் உழைக்கின்றன. எளிய கருவிகள் என்பதால் கேள்விகளும் எளியவை என்று எண்ணிவிடுவது மருத்துவக் கல்லூரிகளில் நெடுநாளாக உள்ள பிழை.

இந்த ஆய்வு எதற்கு என்ற கேள்விக்கு 1961இல் கெர் வொயிட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு மாதத்தில், வயது வந்த 1,000 பேரில் 750 பேருக்கு ஏதோ ஓர் உடல்நலக் குறை வருகிறது. அவர்களில் 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள். மருத்துவமனையில் படுப்பவர்கள் 9 பேர். பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பப்படுபவர் ஒரே ஒருவர். மருத்துவப் பாடநூல்களின் பெரும்பகுதி அந்த ஒருவரைப் பார்த்து எழுதப்பட்டது. மாணவர்கள் பயில்வதும் அவரது கட்டிலருகே நின்றுதான். மீதி 249 பேரைப் பார்க்கும் மருத்துவர், வேறோர் ஊரின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தன் ஊரில் வழி தேடுகிறார்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்பவர்களைவிடப் பட்டுத் தெரிந்துகொள்பவர்களே அதிகம். பெரிய ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன் பயிற்சியை முடித்துவிட்டு, மந்தைவெளியில் பலகை மாட்டி உட்காரும் இளம் மருத்துவரின் முதல் ஆண்டு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வார்டில் பார்த்த தலைவலிகளில் மூளைக்கட்டி இருந்தது, மூளைக்காய்ச்சல் இருந்தது. கிளினிக்குக்கு வரும் தலைவலியோ தூக்கமின்மை, கண்ணாடி மாற்ற வேண்டிய கண், ஏகாதசிப் பட்டினி, மாமியாருடன் மனத்தாங்கல். எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்பினால் இரண்டு மாதத்தில் கூட்டம் குறைந்துவிடும். யாரையும் அனுப்பாவிட்டால் ஒருநாள் ஓர் உயிர் போகும். நூறில் அந்த ஒன்றை எப்படி இனம் காண்பது என்பதற்கு வார்டில் பாடம் கிடையாது. நூறையும் பார்த்து, எழுதி வைத்து, பிறகு என்ன ஆயிற்று என்று தொடர்ந்து விசாரித்தவரிடம்தான் அதற்கு விடை உண்டு.

கணக்காகவே இதைக் காட்டலாம். நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 90 பேரைச் சரியாகப் பிடிக்கும், நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு 90 பேரைச் சரியாக விடுவிக்கும் ஒரு பரிசோதனை இருப்பதாகக் கொள்வோம். பெரிய மருத்துவமனையின் சிறப்புப் பிரிவில் 1,000 பேரில் 250 பேருக்கு அந்த நோய் இருக்கிறது. அங்கே 300 பேருக்கு ‘பாசிட்டிவ்’ வரும். அவர்களில் 225 பேருக்கு உண்மையிலேயே நோய் உண்டு. அதே பரிசோதனையைத் தெருமுனை கிளினிக்கில் 1,000 பேருக்குச் செய்தால், அங்கே நோய் இருப்பது 10 பேருக்கு மட்டும் என்றால், 108 பேருக்குப் ‘பாசிட்டிவ்’ வரும்; உண்மையில் நோய் உள்ளவர்கள் 9 பேர். கருவி மாறவில்லை, ரத்தமும் மாறவில்லை, காகிதத்தில் உள்ள முடிவின் பொருள் மட்டும் தலைகீழாகிவிட்டது. முழு உடல் பரிசோதனைத் தொகுப்பை வாங்கிக்கொண்டு, சிவப்பு எழுத்தில் வந்த ஓர் எண்ணுக்காகத் தூக்கம் தொலைத்து வரும் தி.நகர்க் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கைப் பொறுமையாக எடுத்துச் சொல்வது இன்றைய குடும்ப மருத்துவரின் அன்றாட வேலைகளில் ஒன்று.

முதல்நிலை ஆய்வு உலகின் நடைமுறையையே திருப்பிப்போட முடியும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்த முயற்சி அது. தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று இன்று அறியப்படுவதும் அதுவே. டி.பி. என்றால் சானடோரியத்தில் படுக்க வேண்டும் என்பது அன்றைய உலக வழக்கம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு. தாம்பரத்துக்கு அருகில் உள்ள ரயில் நிலையம் அந்தச் சொல்லை இன்னமும் தன் பெயராகத் தாங்கி நிற்கிறது. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்கும் படுக்கைகளின் எண்ணிக்கைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. படுக்கை கிடைக்காதவரை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? குடிசையில் ஆறு பேரோடு படுத்துக்கொண்டு, கஞ்சியைக் குடித்துக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டிருப்பவர் பிழைப்பாரா? அவரால் வீட்டுக் குழந்தைகளுக்கு நோய் ஒட்டுமா?

நெரிசலான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வீடு, மறு பாதிக்கு சானடோரியம். மருந்து இரு சாராருக்கும் ஒன்றே: ஐசோனியசிட், பாஸ் என்ற இரண்டு மாத்திரைகள், ஓராண்டு காலம். வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதை முன்னின்று நடத்தினார். ஆனாலும் ஆய்வைத் தோளில் சுமந்தவர்கள் தெருத்தெருவாக நடந்த சுகாதாரப் பணியாளர்களே. முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள். மாத்திரை உள்ளே போயிருக்கிறதா என்று அறியச் சிறுநீரைச் சேகரித்தார்கள். சளி மாதிரிகள் தொடர்ந்து வாங்கப்பட்டன. நோயாளியின் வீட்டில் உள்ளவர்களும் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்பட்டார்கள்.

முடிவு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானது. ஓராண்டின் இறுதியில் சளியில் கிருமி அடங்கியவர்கள் வீட்டில் 86 விழுக்காடு, சானடோரியத்தில் 92 விழுக்காடு. சானடோரியத்தில் சாப்பாடு மிக நன்றாக இருந்தது, அங்கிருந்தவர்களுக்கு எடையும் கூடுதலாக ஏறியது. இருந்தும் நோயை அடக்கியது மருந்துதான் என்று தெளிவாயிற்று. வீட்டாருக்குத் தொற்றும் அபாயம் பெரிதும் சிகிச்சைக்கு முந்திய நாட்களில் இருந்ததே தவிர, வீட்டில் வைத்துச் சிகிச்சை தந்ததால் அது கூடவில்லை என்பது ஐந்தாண்டுத் தொடர் கண்காணிப்பில் தெரிந்தது. சானடோரியங்களின் காலம் அதன்பின் உலகெங்கும் முடிவுக்கு வந்தது. நோயாளி வாரம் இருமுறை வந்து, பணியாளர் கண்ணெதிரே மருந்து பெறும் முறையும் அதே மையத்தில் 1960களில் சோதித்துப் பார்க்கப்பட்டது. பின்னாளில் ‘டாட்ஸ்’ என்று உலகம் அழைத்த ஏற்பாட்டுக்கு வேர் அங்கே உள்ளது. கண்டுபிடித்தது புது மருந்தை அல்ல. இருந்த மருந்தை எங்கே, எப்படி, யார் கையால் கொடுக்கலாம் என்பதை. முதல்நிலை ஆய்வின் மதிப்பைப் பற்றிச் சந்தேகப்படுபவருக்கு இந்த ஓர் ஆய்வே போதுமான பதில்.

சென்னையில் அடுத்த பெரும் பாடம் சர்க்கரை நோயிலிருந்து வந்தது. கோபாலபுரத்தில் இயங்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, 2001இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற ஆய்வில் மாநகராட்சியின் 155 வார்டுகளிலிருந்து 46ஐத் தேர்ந்து 26,001 பேரைச் சந்தித்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை எண்ணினால் வந்தவர்கள் மட்டும்தான் தெரிவார்கள். வீட்டுக் கதவைத் தட்டி எண்ணும்போது, தனக்குச் சுகர் இருப்பதே தெரியாமல் காபியில் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டிருப்பவரும் கணக்கில் வருகிறார். இந்த ஆய்வின் தரவுகளிலிருந்து 2005இல் டாக்டர் வி. மோகனும் உடன் பணியாற்றியவர்களும் ஓர் அபாய மதிப்பெண் முறையை வடித்தார்கள். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் இருந்ததா என்ற நான்கே விவரங்கள். மொத்தம் 100 மதிப்பெண். 60 அல்லது அதற்கு மேல் என்றால் அபாயம் அதிகம்.

தி.நகர் ஜவுளிக்கடையில் கல்லாவில் உட்காரும் 52 வயதுக்காரரை எடுத்துக்கொள்ளலாம். வயதுக்கு 30. இடுப்பு 96 சென்டிமீட்டர் என்பதால் 10. நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சி கிடையாது, அதற்கு 30. அம்மாவுக்குச் சுகர் இருந்தது, அதற்கு 10. மொத்தம் 80. ஊசி குத்தாமல், ஒரு பைசா செலவில்லாமல், டோக்கன் கொடுக்கும் பெண்ணே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். பிறகு யாருக்கு ரத்தப் பரிசோதனை என்று முடிவு செய்யலாம். “எனக்கெல்லாம் அது வராதுங்க டாக்டர், நான் ஸ்வீட்டே தொடறதில்ல” என்பவரிடம் வாதம் செய்வதைவிட, அவர் இடுப்பைச் சுற்றி நாடாவைப் பிடித்து எண்ணைப் படித்துக் காட்டுவது பலன் தருகிறது. இந்த முறை தவறே செய்யாதது அல்ல. நோயுள்ளவர்களில் கால்பங்குக்குச் சற்று மேலானவர்களை அது தவறவிடும் என்று அதை வகுத்தவர்களே எழுதியிருக்கிறார்கள். தன் கருவியின் குறையைத் தானே அளந்து சொல்வது நல்ல ஆய்வின் அடையாளம்.

எண்ணிப் பார்ப்பதோடு நில்லாமல், மாற்றிப் பார்ப்பது அடுத்த வகை. டாக்டர் அ. ராமச்சந்திரனும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொள்ளத் தொடர்ந்து ஊக்கம் பெற்றவர்களில் 39.3. குறைந்த அளவு மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களில் 40.5. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களில் 39.5. சேர்த்துச் செய்வதால் கூடுதல் பலன் இல்லை என்ற முடிவு அப்போது பலருக்கு வியப்பு. கிளினிக் மருத்துவருக்கு அது வேறொரு விதத்தில் தெம்பு தந்தது. நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் நடக்கச் சொல்வது, மருந்து எழுதத் தெரியாதவரின் சமாளிப்பு அல்ல. மாத்திரைக்கு நிகரான சிகிச்சை. அதே குழுவின் இன்னோர் ஆய்வு 2013இல் வந்தது. 537 ஆண்களில் ஒரு பாதிக்கு அடிக்கடி செல்பேசிக் குறுஞ்செய்தி போயிற்று. இரண்டாண்டில் செய்தி பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும், பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை நோய் வந்தது.

செலவைக் கட்டுக்குள் வைத்துப் பலனைப் பார்ப்பது மூன்றாவது வகை. ஏழை நாட்டில் இதற்கே முதலிடம் தர வேண்டும். டயாலிசிஸின் செலவில் குடும்பங்கள் நொடித்துப் போவதை அன்றாடம் கண்ட சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, நோயை அதன் ஊற்றுக்கண்ணிலேயே அடைக்கப் பார்த்தார். சென்னை சிறுநீரக உதவி அறக்கட்டளை வழியாக, ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிய கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. வீடுதோறும் சில கேள்விகள், ரத்த அழுத்தம் பார்த்தல், சிறுநீரில் புரதத்துக்கு சல்ஃபோசாலிசிலிக் அமிலம், சர்க்கரைக்குப் பெனடிக்ட் கரைசல். கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்கள் சோதனைக்குழாயைச் சூடாக்கும் அதே பழைய முறைதான். கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு மலிவான பழைய மருந்துகள் தரப்பட்டன; சர்ப்பகந்தி வேரில் பிறந்த ரிசர்பின் உட்பட. மிகக் குறைந்த செலவில் பெரும்பாலானவர்களின் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்ததை 2003இல் அவர் சர்வதேச இதழில் எழுதினார். புதிய மருந்தை விற்கும் நிறுவனம் எதுவும் இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பணம் தராது. பழைய மருந்து போதுமா என்று கேட்பதில் யாருக்கும் லாபமில்லை, நோயாளியைத் தவிர.

மருத்துவர் இல்லாத இடத்தில் மற்றவர் செய்ய முடியுமா என்பதும் இதை ஒட்டிய கேள்வி. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் பயிற்சி பெற்ற செவிலியர்கள், அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்தே கருப்பை வாய்ப் புற்றுக்கு முந்திய மாற்றங்களைக் கண்டறிந்தார்கள். அந்நோயால் வரும் சாவு அங்கே 35 விழுக்காடு குறைந்ததை 2007இல் ‘லான்செட்’ வெளியிட்டது. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1980களின் தொடக்கத்திலிருந்து நடந்துவரும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு, இந்தப் புற்று நகரத்தில் குறைந்துவருவதையும் மார்பகப் புற்று ஏறிவருவதையும் ஆண்டாண்டாகக் காட்டிவருகிறது.

இவை எல்லாம் நிறுவனங்களின் உழைப்பு. தனி மருத்துவர் ஒருவர் தன் கிளினிக்கிலேயே ஆய்வு செய்ய முடியுமா? இங்கிலாந்தின் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் வில்லியம் பிக்கிள்ஸ் செய்து காட்டினார். கிராமத்தில் யாருக்கு எந்த நாளில் காய்ச்சல் வந்தது, அவர் யாரைச் சந்தித்தார் என்று ஆண்டுக்கணக்கில் குறித்து, தொற்று மஞ்சள்காமாலை போன்ற நோய்கள் உடலில் அரும்ப எத்தனை நாளாகும் என்று கணக்கிட்டார். அவர் நூல் 1939இல் வந்தது. வேல்ஸின் சுரங்கக் கிராமமான கிளின்கோரக்கில் ஜூலியன் டியூடர் ஹார்ட், கிளினிக்குக்கு வந்தாலும் வராவிட்டாலும் ஊரில் உள்ள பெரியவர்கள் அனைவருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார். மருத்துவம் அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் அவர் எழுதியது இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது.

மயிலாப்பூர் மருத்துவருக்கு அவர்களிடம் இருந்த ஒன்று இல்லை: பட்டியல். பிரிட்டனில் இன்னார் இன்ன மருத்துவரிடம் பதிவானவர் என்று உண்டு. இங்கே ஒரே நோயாளி காலையில் கிளினிக்குக்கும், மாலையில் ஹோமியோபதிக்கும், நடுவில் மருந்துக்கடைக்காரரிடமும் போவார். பழைய சீட்டுகள் அவரிடமே ஒரு மஞ்சள் பையில் இருக்கும். வீடு மாறும்போது பையும் தொலையும். நூறு பேருக்கு இருமல் என்று சொல்லலாம், எத்தனை பேரில் நூறு என்று சொல்ல முடியாது. டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் தோற்றுவித்த வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் இந்தக் குறைக்கு அப்போதே ஒரு வழி கண்டது. அடையாற்றில் அமைந்த அந்த மருத்துவமனை, குடும்பத்தின் வருமானத்துக்கேற்ற சந்தாவைப் பெற்றுக்கொண்டு குடும்பம் முழுவதையும் பதிவு செய்தது. நோய் வரும்வரை காத்திராமல் பரிசோதித்தது. ஏழைகளுக்கு மருத்துவம் கிடைக்கச் செய்த ஏற்பாடாகவே அது நினைக்கப்படுகிறது. ஆய்வாளர் கண்ணுக்கு அது பட்டியலை உண்டாக்கிய ஏற்பாடும்கூட.

பட்டியல் இல்லாமலும் செய்யக்கூடியது தணிக்கை. ஒரு மாதம் தான் எழுதிய சீட்டுகளின் நகலை வைத்துக்கொண்டு, சாதாரணச் சளிக்கு எத்தனை முறை ஆன்டிபயாட்டிக் எழுதினோம் என்று எண்ணிப் பார்க்கும் மருத்துவர், ஒருமுறையாவது அதிர்ந்துபோகிறார். தான் அப்படி எழுதுபவர் அல்ல என்பது அதுவரை அவருடைய உறுதியான நம்பிக்கை. ஞாபகம் தனக்குச் சாதகமாகவே பேசும். சீட்டு அப்படிப் பேசாது. காரணத்தையும் பக்கத்தில் எழுதினால் இன்னொன்று தெரியவரும்: சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில், நாளை கிளினிக் இல்லையே என்ற பயத்தில், நோயாளி கேட்பதற்கு முன்பே கை எழுதிவிடுகிறது. மறுமாதம் மீண்டும் எண்ண வேண்டும். அந்த இரண்டாவது எண்ணிக்கைதான் தணிக்கையை ஆய்வாக்குகிறது.

எண்ணில் அடங்காததும் உண்டு. பி.பி. மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவரிடம் ஏன் என்று கேட்டால், முதல் பதில் பெரும்பாலும் “மறந்துட்டேன் டாக்டர்” என்பதுதான். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்றுக் காத்திருந்தால் அடுத்த பதில் வரும். மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று சம்பந்தி சொன்னார். தலைசுற்றல் நின்றுவிட்டதால் நோய் போய்விட்டது என்று நினைத்தேன். மாதக் கடைசியில் பேரனுக்கு ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. இவற்றை முறையாகக் கேட்டு, வகைப்படுத்தி, எந்தக் காரணத்துக்கு எந்தப் பேச்சு உதவுகிறது என்று பார்ப்பதும் ஆய்வே. குலுக்கல் ஆய்வு ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று சொல்லும்; அந்த மருந்து ஏன் அலமாரியில் தூங்குகிறது என்பதை இந்த உரையாடல்தான் சொல்லும்.

மாநிலம் முழுவதற்கும் இதே பிரச்சினை எண்ணாகத் தெரியவந்தது 2020இல். தமிழக அரசுக்காக நடந்த கணக்கெடுப்பில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 விழுக்காடு, சர்க்கரை நோயாளிகளில் 10.8 விழுக்காடு என்று வந்தது. மருந்து அரசு நிலையங்களில் இலவசமாகவே கிடைத்துக்கொண்டிருந்தது. வாங்க வருவதற்கு ஒருநாள் கூலி போயிற்று. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோனது. அடுத்த கணக்கெடுப்பில் அந்த விகிதங்கள் 17, 16.7 என்று உயர்ந்தன. சேத்துப்பட்டுப் பணியாளர்கள் அறுபது ஆண்டுகளுக்கு முன் ஏறி இறங்கிய படிகளில் இப்போது மகளிர் தன்னார்வலர்கள் ஏறி இறங்குகிறார்கள். பகலில் கதவைத் திறப்பவர்கள் பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும். ரங்கநாதன் தெருவில் காலை முதல் இரவு வரை நின்றபடி வேலை பார்க்கும் நாற்பது வயது விற்பனையாளர் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. அவருடைய ரத்த அழுத்தத்தை எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் பார்ப்பது என்பது அடுத்து விடை காண வேண்டிய கேள்வி.